கிப்சன் என்றொரு பெயர்

நுழையும்முன்

பெயர் அழைப்பதற்கு உரியது, பதிவதற்கும் உரியது. ஒரு நாட்டின் ஏடுகளில் யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடைய பெயர் விடுபட்டது என்று பார்த்தால் அந்நாட்டின் நீதி எத்தகையது என்பது விளங்கும். அமெரிக்க நாட்டில் கிப்சன் என்னும் குடும்பப்பெயரைத் தாங்கிய நால்வர் புகழ்பெற்றனர். ஒருவர் இசைக்கருவி செய்தார்; மூவர் விளையாட்டுக் களத்தில் நின்றனர். கருவி செய்தவர் வெள்ளையர். விளையாடிய மூவரும் கறுப்பினத்தவர். அவர்கள் ஒரு குடும்பத்தினர் அல்லர்; பெயர் ஒன்றே பொது. அந்த ஒரு பெயர் நான்கு வாழ்வுகளில் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் கூறுகிறது இப்பாடம்.

பெயரின் வேர்

ஆங்கிலேயரிடமும் ஸ்காட்லாந்து மக்களிடமும் வழங்கும் குடும்பப்பெயர்களுள் ஒன்று கிப்சன். கில்பர்ட் என்னும் பெயரின் சுருக்கம் கிப். சன் என்பதற்கு மகன் என்று பொருள். எனவே, கிப்சன் என்பது கிப்பின் மகன் எனப் பொருள்படும். தந்தை பெயரால் மகனைச் சுட்டிய இவ்வழக்கம், தலைமுறை பல கடந்து, அந்தத் தந்தை யாரென்றே தெரியாத நிலையிலும் மாறாத குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. குடியேறியவர்களுடன் இப்பெயர் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது.

அங்கே வாழ்ந்த கறுப்பின மக்களுக்குக் குடும்பப்பெயர் அமைந்த வரலாறு வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட அவர்களின் முன்னோர், நிலத்தோடும் உறவோடும் சேர்த்துத் தம் சொந்தப் பெயர்களையும் இழந்தனர். 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கெனத் தனிப்பட்டியல் இருந்தது. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் அவரிடமிருந்த அடிமைகளின் வயது, பாலினம், நிறம் ஆகியன வரிசையாக இருக்கும். அவர்களுடைய பெயர் பெரும்பாலும் இருக்காது. உள்நாட்டுப் போர் முடிந்து, 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின் 1870ஆம் ஆண்டில் நடந்த கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்ற மக்கள் முதன்முறையாகப் பெயருடன் பதியப்பட்டனர். சிலர் பழைய உரிமையாளரின் குடும்பப்பெயரையே வைத்துக்கொண்டனர். சிலர் தாம் விரும்பிய பெயரைத் தேர்ந்துகொண்டனர். ஒரே குடும்பப்பெயர் வெள்ளையரிடமும் கறுப்பினத்தவரிடமும் வழங்குவதற்கு இதுவே காரணம். பெயர் ஒன்றாயினும் அது வந்த வழி ஒன்றன்று.

மரத்தைக் குடைந்த கைகள்

நால்வருள் காலத்தால் முந்தியவர் ஆர்வில் கிப்சன். 1856ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் பிறந்த இவர், பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் குடியேறினார். காலணிக் கடையில் எழுத்தராகப் பணிபுரிந்துகொண்டே மரவேலையிலும் இசையிலும் ஈடுபட்டார்.

அக்காலத்து மேண்டலின் குடம்போன்ற வயிறுடையது. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒன்றோடொன்று ஒட்டி அதனைச் செய்தனர். வளைத்து ஒட்டிய மரம் எப்போதும் ஓர் இறுக்கத்திலேயே இருக்கும்; இறுக்கமுற்ற மரம் தடையின்றி அதிராது என்று ஆர்வில் கருதினார். வயலினின் மேற்பலகையும் அடிப்பலகையும் மரக்கட்டையிலிருந்து குடைந்து எடுக்கப்படுபவை. நடுவில் சற்றே தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் மேடிட்டு அமையும் அந்தப் பலகை, நரம்பின் அதிர்வை வாங்கிப் பெருக்குகிறது. இம்முறையை மேண்டலினுக்கும் கித்தாருக்கும் ஆர்வில் கொண்டுவந்தார். பக்கப் பலகையையும் வளைக்காமல் ஒரே கட்டையிலிருந்து வெட்டியெடுத்தார். இவ்வமைப்புக்கு 1898ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

அவருடைய கருவிகளை விரும்புவோர் பெருகினர். தனியொருவர் கைகளால் செய்து முடிக்க இயலாத அளவுக்கு வேண்டல்கள் வந்தன. 1902ஆம் ஆண்டில் கலமசூ நகரின் வணிகர் ஐவர் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். ஆர்வில் தம் காப்புரிமையையும் பெயரைப் பயன்படுத்தும் உரிமையையும் 2,500 டாலருக்கு அவர்களுக்கு அளித்தார். நிறுவனம் அவர் பெயரால் அமைந்தது. அவர் அதன் பங்காளராக அமையவில்லை. சில காலம் அறிவுரை வழங்குபவராக இருந்து விலகினார். உடல்நலமும் மனநலமும் குன்றிய நிலையில் 1918ஆம் ஆண்டில் மறைந்தார். பக்கப் பலகையை வெட்டியெடுக்கும் அவரது முறையை நிறுவனம் கைவிட்டது. மேடிட்ட மேற்பலகையை மட்டும் காத்துக்கொண்டது. 1922ஆம் ஆண்டில் வெளிவந்த எல்-5 வகைக் கித்தார், வயலினைப் போன்ற ஒலித்துளைகளுடன் அமைந்து அக்கருத்தை மேலும் வளர்த்தது.

1936ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இஎஸ்-150 என்னும் மின்கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஜாஸ் இசைக்குழுவில் கித்தார், ஊதுகருவிகளின் பேரொலிக்குள் அமிழ்ந்து தாளத்துக்கு மட்டுமே துணைநின்றது. சார்லி கிறிஸ்டியன் என்னும் கறுப்பின இளைஞர் இஎஸ்-150 கொண்டு, கித்தாரையும் தனித்துப் பாடும் கருவியாக்கினார். 1939ஆம் ஆண்டில் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த அவர், மூன்றாண்டுகளில், தம் 25ஆம் வயதில் மறைந்தார். அவருக்குப் பின் சிஸ்டர் ரொசெட்டா தார்ப், சக் பெரி, பி.பி. கிங் முதலிய கறுப்பினக் கலைஞர்கள் கிப்சன் கித்தார் ஏந்தி உலகப் புகழ் பெற்றனர். கலமசூவின் வெள்ளையர் ஒருவரின் பெயர், கித்தாரின் தலைப்பகுதியில் பொறிக்கப்பட்டுக் கறுப்பினக் கலைஞரின் கைகளில் உலகைச் சுற்றியது.

தெரிந்து தெளிவோம்

பி.பி. கிங் தம் கித்தார்களை எல்லாம் லூசில் என்ற பெயரால் அழைத்தார். 1949ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்னும் சிற்றூரில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். குளிர்காய மண்ணெண்ணெய் ஊற்றி எரியவைத்திருந்த பீப்பாய், இருவர் சண்டையிட்டபோது கவிழ்ந்து கூடம் தீப்பற்றியது. வெளியே ஓடிவந்த கிங், கித்தாரை உள்ளே விட்டுவந்ததை உணர்ந்து மீண்டும் தீக்குள் புகுந்து அதனை மீட்டார். சண்டைக்குக் காரணம் லூசில் என்னும் பெண் என்று பின்னர் அறிந்தார். ஒரு கருவிக்காக உயிரைப் பணயம் வைக்கும் செயலை மீண்டும் செய்யக்கூடாது என்பதை நினைவூட்டவே அப்பெயரைச் சூட்டினார்.

கணக்கில் வராத ஆட்டம்

ஜோஷ் கிப்சன் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் பியூனா விஸ்டா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பிட்ஸ்பர்க் நகரின் எஃகு ஆலையில் வேலை தேடிக்கொண்டு, பின்னர்க் குடும்பத்தை அங்கே அழைத்துக்கொண்டார். தென்மாநிலங்களின் வறுமையிலிருந்தும் கொடுமையிலிருந்தும் விலகி வடபுல நகரங்களை நாடிய பல இலட்சம் கறுப்பின மக்களுள் இக்குடும்பமும் ஒன்று.

அமெரிக்கர் பெரிதும் விரும்பும் ஆட்டம் பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டம். அதன் தலைமைச் சங்கங்களில் கறுப்பினத்தவர் எவரும் சேர்க்கப்படவில்லை. அவர்களைச் சேர்க்கக்கூடாது என்று வெளிப்படையான விதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அணி உரிமையாளர்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் நிலவிய எழுதா உடன்பாடே விதியைவிட வலிமையாக நின்றது. இதனை நிறக்கோடு என்பர். எனவே கறுப்பினத்தவர் தமக்கெனத் தனி அணிகளையும் சங்கங்களையும் அமைத்துக்கொண்டனர். 1920ஆம் ஆண்டில் ரூப் ஃபாஸ்டர் என்பவரின் முயற்சியால் அவற்றுள் முதன்மையான நீக்ரோ தேசியச் சங்கம் உருவாயிற்று. இன்று இழிவாகக் கருதப்படும் அச்சொல் அன்றைய சங்கத்தின் பெயரில் இடம்பெற்றிருந்தமையால் வரலாற்றுப் பெயராகவே இங்குக் குறிக்கப்படுகிறது.

ஜோஷ், 1930ஆம் ஆண்டில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே இரட்டைக் குழந்தைகளை ஈன்ற அவர் மனைவி ஹெலன் மகப்பேற்றின்போது உயிரிழந்தார். 18 வயது இளைஞர் தந்தையாகவும் மனைவியை இழந்தவராகவும் ஆடுகளத்தில் நின்றார். பந்து வீசப்படும் இடத்திற்கு எதிரே குனிந்தமர்ந்து பந்தைப் பிடிப்பது அவர் பணி. ஆனால் மட்டையேந்தும்போதுதான் மக்கள் எழுந்து நின்றனர். தொலைதூரம் பறந்த அவருடைய அடிகளைக் கண்டோர் அவரைக் கறுப்பின பேப் ரூத் என்றனர். பேப் ரூத் வெள்ளையர் சங்கங்களின் தலைசிறந்த ஆட்டக்காரர்.

கறுப்பின அணிகளின் வாழ்க்கை கடினமானது. பேருந்திலேயே நெடுந்தொலைவு பயணம் செய்தனர். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆடினர். உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் இடம் மறுக்கப்பட்டதால் பேருந்திலேயே உண்டு உறங்கிய இரவுகள் பல. வெள்ளையர் அணிகளின் அரங்குகளை வாடகை கொடுத்துப் பெற்று ஆடினர். வாஷிங்டன் நகரின் கிரிஃபித் அரங்கில் கிரேஸ் அணி அவ்வாறு பலமுறை ஆடியது. அவ்வரங்கின் உரிமையாளர் அவர்களிடம் வாடகை பெற்றார். அவர்களில் ஒருவரையும் தம் அணியில் சேர்க்கவில்லை.

இறுதி ஆண்டுகளில் ஜோஷ் கடுந்தலைவலியாலும் மூளையில் தோன்றிய கட்டியாலும் துன்புற்றார். 1947ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், தம் 35ஆம் வயதில் மறைந்தார். அதற்கு மூன்று மாதத்திற்குள், ஏப்ரல் 15ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி நிறக்கோட்டை அழித்தார். ஜோஷின் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட நெடுங்காலம் இல்லை. 1975ஆம் ஆண்டில்தான் ஒரு கல் நடப்பட்டது.

ஏட்டில் அவர் பெயர் ஏறியது இன்னும் மெதுவாக. 1966ஆம் ஆண்டில் கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்தில் தமக்குச் சிறப்புச் செய்யப்பட்டபோது, வெள்ளையின வீரர் டெட் வில்லியம்ஸ், வாய்ப்பு மறுக்கப்பட்ட சேட்சல் பேஜ், ஜோஷ் கிப்சன் ஆகியோரும் அங்கு இடம்பெற வேண்டும் என்று பேசினார். 1972ஆம் ஆண்டில் ஜோஷுக்கு அவ்விடம் கிடைத்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடைபெற்ற ஏழு கறுப்பினச் சங்கங்களைத் தலைமைச் சங்கங்களுக்கு நிகராக அடிபந்தாட்ட அமைப்பு ஏற்றது. ஆய்வாளர்கள் பழைய கறுப்பின நாளிதழ்களைப் புரட்டி, ஆட்டந்தோறும் அச்சான குறிப்புகளைத் தொகுத்தனர். 2,300க்கும் மேற்பட்ட வீரர்களின் கணக்குகள் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏட்டில் சேர்ந்தன.

அன்று வாழ்நாள் மட்டையடிச் சராசரியில் ஜோஷ் கிப்சன் முதலிடம் பெற்றார். ஆயிரம் வாய்ப்புகளுக்கு 372 வெற்றியடி என்பது அவருடைய கணக்கு. ஏறத்தாழ நூறாண்டு முதலிடத்திலிருந்த டை காபின் கணக்கு 367. 1943ஆம் ஆண்டுப் பருவத்தில் ஜோஷ் எட்டிய 466 என்னும் சராசரி, ஒரு பருவத்திற்கான முதலிடமும் ஆயிற்று. அவர் மறைந்து 77 ஆண்டுகள் கழித்து வந்த முதலிடம் இது.

பூட்டிய கதவின்முன் ஒரு வெற்றியாளர்

ஆல்தியா கிப்சன் 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் தென்கரோலினா மாநிலத்தின் சில்வர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுதவர்கள். விளைச்சல் பொய்த்த வறுமையில் குடும்பம் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிக்குப் பெயர்ந்தது. அவர்கள் குடியிருந்த 143ஆம் தெருவைப் பகற்பொழுதில் வண்டிகள் வராமல் அடைத்து, சிறுவர் விளையாட விட்டிருந்தனர். மரமட்டையால் ஆடும் சிறுதிடல் டென்னிசை ஆல்தியா அங்கே கற்றார். 12ஆம் வயதில் நியூயார்க் நகரப் பெண்கள் பிரிவில் வாகை சூடினார். அக்கம்பக்கத்தார் பணம் திரட்டி, ஹார்லெமில் கறுப்பினத்தவர் நடத்திய டென்னிசு மன்றத்தில் அவரைச் சேர்த்தனர். அங்கே அவருக்குப் பயிற்சி அளித்த ஃபிரெட் ஜான்சன் ஒரு கையை இழந்தவர்.

கறுப்பின மருத்துவர்களான வால்டர் ஜான்சன், ஹியூபர்ட் ஈட்டன் ஆகிய இருவரும் ஆல்தியாவின் கல்விக்கும் பயிற்சிக்கும் பொறுப்பேற்றனர். கறுப்பினத்தவரின் அமெரிக்க டென்னிசுச் சங்கப் போட்டியில் 1947 முதல் பத்தாண்டுகள் தொடர்ந்து மகளிர் ஒற்றையர் பட்டத்தை அவர் வென்றார். ஆயினும் நாட்டின் தலைமைப் போட்டியான ஃபாரஸ்ட் ஹில்சில் அவருக்கு அழைப்பில்லை. கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று அங்கும் எழுதப்பட்ட விதி இல்லை. அப்போட்டிக்குத் தகுதிபெற வேறு சில போட்டிகளில் வென்றிருக்க வேண்டும். அப்போட்டிகளோ வெள்ளையர் மட்டும் நுழையக்கூடிய மன்றங்களில் நடந்தன. தகுதியில்லை என்று கூறித் தடுத்தனர். தகுதி பெறும் வழியையும் அடைத்தனர்.

1950ஆம் ஆண்டு ஜூலை மாதம், முன்னாள் வாகையர் ஆலிஸ் மார்பிள் ஒரு டென்னிசு இதழில் வெளிப்படையான கடிதம் எழுதினார். ஆல்தியா வெல்வாரா தோற்பாரா என்பதை ஆடுகளம் முடிவு செய்யட்டும். குழுவினர் கூடி முடிவு செய்வது முறையன்று என்பது அதன் சாரம். அவ்வாண்டே அழைப்பு வந்தது. ஃபாரஸ்ட் ஹில்சில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்னும் பெயருடன் களமிறங்கிய ஆல்தியா, இரண்டாம் சுற்றில் விம்பிள்டன் வாகையர் லூயிஸ் பிரௌவை எதிர்கொண்டார். மூன்றாம் தொகுப்பில் 7-6 என ஆல்தியா முன்னிலையில் இருந்தபோது இடிமழை பொழிந்து ஆட்டம் நின்றது. அரங்கின் உச்சியிலிருந்த கற்கழுகு மின்னல் தாக்கி விழுந்தது. மறுநாள் தொடர்ந்த ஆட்டத்தில் 9-7 என பிரௌ வென்றார்.

ஆல்தியா தளரவில்லை. 1953ஆம் ஆண்டில் ஃபுளோரிடா வேளாண்மை மற்றும் இயந்திரவியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1955ஆம் ஆண்டு அமெரிக்க வெளியுறவுத்துறை அவரை நல்லெண்ணப் பயணக் குழுவில் சேர்த்து ஆசியாவுக்கு அனுப்பியது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், பர்மா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் அவர் ஆடினார். தன் தென்மாநில விடுதிகளில் தங்கவிடாத ஒருவரையே அந்நாடு உலகின்முன் தன் முகமாகக் காட்டியது.

1956ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் போட்டியில் வென்று, கிராண்ட்ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1957ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தில் டார்லீன் ஹார்டை 6-3, 6-2 என வென்று, இரண்டாம் எலிசபெத் அரசியின் கையால் பரிசு பெற்றார். நியூயார்க் நகரம் காகிதமழை பொழிந்து ஊர்வலம் நடத்தி வரவேற்றது. அதே ஆண்டு ஃபாரஸ்ட் ஹில்சில் இறுதியாட்டம். எதிரே நின்றவர் லூயிஸ் பிரௌ. ஏழாண்டுகளுக்கு முன் மழை தடுத்த ஆட்டத்தை ஆல்தியா இப்போது 6-3, 6-2 என முடித்தார். மறு ஆண்டும் இரு பட்டங்களையும் தக்கவைத்துக்கொண்டார். ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என மொத்தம் 11 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் அவருடையவை.

அக்காலத்தில் அப்போட்டிகளில் பரிசுப்பணம் கிடையாது. பணத்திற்கு ஆடுவோர் கலந்துகொள்ளவும் இயலாது. உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் வீட்டு வாடகைக்கு வழிதேட வேண்டியிருந்தது. ஆல்தியா பாடல் இசைத்தட்டு வெளியிட்டார், திரைப்படத்தில் நடித்தார், 1964ஆம் ஆண்டில் மகளிர் கோல்ஃப் தொடரில் ஆடிய முதல் கறுப்பினப் பெண்ணும் ஆனார். முதுமையில் பக்கவாதமும் வறுமையும் சேர்ந்து வாட்டின. மருந்துக்கும் வாடகைக்கும் பணமில்லாத நிலையில், பழைய இரட்டையர் துணைவரான ஏஞ்செலா பக்ஸ்டனை அவர் தொலைபேசியில் அழைத்தார். பக்ஸ்டன் யூதர், பிரிட்டனைச் சேர்ந்தவர், தம் நாட்டு டென்னிசு மன்றங்களில் ஒதுக்கப்பட்ட துயரை அறிந்தவர். அவர் விடுத்த வேண்டுகோளை ஏற்று உலகின் பல பகுதிகளிலிருந்து மக்கள் பணம் அனுப்பினர். 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ஆல்தியா மறைந்தார். 2019ஆம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் போட்டி நடைபெறும் வளாகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது.

வீச்சுமேட்டின் உயரம்

பாப் கிப்சன் 1935ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் நெபிராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். எலும்பு மென்மை, மூச்சிரைப்பு, நுரையீரல் அழற்சி எனக் குழந்தைப்பருவம் நோய்களோடு கழிந்தது. அவரைவிட 15 வயது மூத்த அண்ணன் லிராய், வீட்டிலும் ஊரிலும் ஜோஷ் என்று அழைக்கப்பட்டவர், தந்தையின் இடத்தில் நின்று தம்பிக்கு ஆட்டமும் ஒழுங்கும் கற்பித்தார்.

கூடைப்பந்தில் சிறந்த பாப், ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டபோது, கறுப்பின வீரர்களுக்கான எண்ணிக்கை நிறைந்துவிட்டது என்ற பதில் வந்தது. சொந்த ஊரின் கிரைட்டன் பல்கலைக்கழகம் உதவித்தொகை வழங்கி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக அவர் முதன்முதலில் பந்து வீசினார். ஜாக்கி ராபின்சன் நிறக்கோட்டை அழித்த நாளிலிருந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

களத்தில் கோடு அழிந்தது. களத்துக்கு வெளியே அழியவில்லை. ஃபுளோரிடாவில் நடந்த பருவகாலப் பயிற்சியில் வெள்ளை வீரர்கள் விடுதியிலும் கறுப்பின வீரர்கள் தனியே வேறிடங்களிலும் தங்கவேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டில் அணித்தோழர் பில் வைட் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டில் அணியினர் எல்லாரும் குடும்பத்துடன் ஒரே இடத்தில் தங்கினர். உணவும் குழந்தைகளின் விளையாட்டும் அங்கே பொதுவாயின. அந்த அணியே 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் உலகத்தொடர் வாகை சூடியது. இருமுறையும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பாப் கிப்சன். 1967ஆம் ஆண்டு ஜூலையில் எதிரணியினர் அடித்த பந்து காலில் பட்டு எலும்பு முறிந்தபின், செப்டம்பரில் களம் திரும்பி, உலகத்தொடரில் மூன்று ஆட்டங்களை முழுமையாக வீசி வென்றார்.

1968ஆம் ஆண்டு அவர் உச்சம். ஒன்பது சுற்று கொண்ட ஓர் ஆட்டத்திற்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டம் சராசரியாக 1.12 மட்டுமே. எதிரணிக்கு ஓர் ஓட்டமும் தராத ஆட்டங்கள் 13. உலகத்தொடரின் முதல் ஆட்டத்தில் 17 மட்டையாளர்களை வீழ்த்தினார். அவ்வாண்டு பந்துவீச்சாளரே எங்கும் மேலோங்கியிருந்தனர். மட்டையாளருக்கு வாய்ப்பளிக்க வேண்டி, 1969ஆம் ஆண்டு முதல் வீச்சுமேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. மட்டையாளர் எதிர்கொள்ள வேண்டிய வீச்செல்லையும் சுருக்கப்பட்டது. ஜோஷின் காலத்தில் எழுதா விதி ஒன்று கறுப்பின வீரரை வெளியே நிறுத்தியது. பாப்பின் காலத்தில் கறுப்பின வீரர் ஒருவரின் ஆற்றல் எழுதிய விதியையே மாற்றுவதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 21 ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது. 1981ஆம் ஆண்டில் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற பாப், 17 பேரை வீழ்த்திய அதே அக்டோபர் 2ஆம் நாளில், 2020ஆம் ஆண்டு மறைந்தார்.

ஒரே பெயர், வெவ்வேறு இழப்பு

நால்வர் வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆர்வில் தம் பெயரை விற்றார். பெயர் வளர்ந்தது, அவர் தேய்ந்தார். ஜோஷ், ஆல்தியா ஆகியோரும் தம் உழைப்பின் பயனை வாழ்நாளில் முழுமையாகத் துய்க்கவில்லை. இம்மூவர் துயரும் ஒன்றே எனத் தோன்றலாம், ஆனால் ஒன்றன்று. ஆர்விலின் இழப்பு ஓர் ஒப்பந்தத்தால் வந்தது. அவர் கடையில் வேலை பெறவும் காப்புரிமை கேட்கவும் தம் பெயரால் பொருள் விற்கவும் நிறம் தடையாக நிற்கவில்லை. ஜோஷின் முன்னும் ஆல்தியாவின் முன்னும் ஒப்பந்தத்திற்கு முன்பே கதவு சாத்தப்பட்டது. ஒருவர் பெற்றதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். மற்றவர் பெறுவதற்கே அனுமதிக்கப்படவில்லை. துயரங்களை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

கதவு தானாகத் திறக்கவில்லை என்பதும் இவ்வரலாற்றிலிருந்து விளங்கும். தெருவை அடைத்து விளையாட இடமளித்தவர்கள், சிறுதொகை திரட்டிய அக்கம்பக்கத்தார், பொறுப்பேற்ற மருத்துவர்கள், தனிச்சங்கம் அமைத்தவர்கள், ஆட்டந்தோறும் குறிப்பெழுதி அச்சிட்ட கறுப்பின நாளிதழ்கள் ஆகிய அனைவரும் உள்ளிருந்து அக்கதவைத் தள்ளினர். உரிமை பெற்றிருந்த ஆலிஸ் மார்பிளும் டெட் வில்லியம்சும் தம் நிலைக்குக் கேடு வருமோ என எண்ணாமல் வெளியிலிருந்து இழுத்தனர். நாளிதழ்களின் குறிப்புகள் இல்லையேல் 2024ஆம் ஆண்டின் கணக்கே உருவாகியிருக்காது. ஆட்டத்தைப் போலவே எழுதிவைத்தலும் நீதிக்குரிய செயலாகும்.

ஆயினும் தாமதமாக வந்த நீதி முழுமையான நீதி ஆகாது. 372 என்னும் எண் ஜோஷுக்குத் தெரியாது. அவர் தலைசிறந்த வெள்ளையினப் பந்துவீச்சாளர்களைச் சங்க ஆட்டங்களில் எதிர்கொண்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எந்த ஏடும் இனிச் சொல்ல இயலாது. ஏட்டைத் திருத்தலாம், கடந்துபோன ஆட்டத்தை மீண்டும் ஆட இயலாது. இன்று தகுதியுள்ள ஒருவர் எந்த வாயிலில் நிறுத்தப்பட்டாலும், அவர் வாழும் காலத்திலேயே அவ்வாயிலைத் திறப்பது நம் கடமை என்பதை இந்நால்வர் வாழ்வும் உணர்த்துகின்றன.

கலைச்சொல் அறிவோம்

அடிபந்தாட்டம் – பேஸ்பால்
பந்துவீச்சாளர் – பிட்சர்
பிடிப்பாளர் – கேட்சர்
மட்டையடிச் சராசரி – பேட்டிங் ஆவரேஜ்
காப்புரிமை – பேட்டன்ட்
புகழ்மண்டபம் – ஹால் ஆஃப் ஃபேம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் விளையாட்டிலோ கைத்தொழிலிலோ சிறந்து விளங்கியும் ஏட்டில் இடம்பெறாத ஒருவரைக் கண்டு உரையாடி, அவர் வாழ்க்கைக் குறிப்பை இரண்டு பக்க அளவில் எழுதுக.

2. "எழுதப்பட்ட விதியைவிட எழுதா வழக்கமே வலிமையானது" என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. ஆல்தியா கிப்சனுக்கு ஃபாரஸ்ட் ஹில்சில் இடமளிக்க வேண்டி, போட்டிக் குழுவினருக்கு நீங்கள் எழுதுவதாக ஒரு கடிதம் எழுதுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் முதன்முறையாகப் பெயருடன் பதியப்பட்ட கணக்கெடுப்பு ஆண்டு
அ) 1850 ஆ) 1860 இ) 1865 ஈ) 1870

2. ஆர்வில் கிப்சன் மேண்டலினுக்குக் கொண்டுவந்த குடைவு முறை எக்கருவிக்கு உரியது?
அ) பியானோ ஆ) வயலின் இ) புல்லாங்குழல் ஈ) முரசு

குறுவினா

1. நிறக்கோடு என்றால் என்ன?

2. பி.பி. கிங் தம் கித்தாருக்கு லூசில் எனப் பெயரிட்டமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

1. ஃபாரஸ்ட் ஹில்ஸ் போட்டியில் எழுதப்பட்ட தடை இல்லாதபோதும் கறுப்பினத்தவர் எவ்வாறு தடுக்கப்பட்டனர்?

2. 1969ஆம் ஆண்டில் வீச்சுமேட்டின் உயரம் குறைக்கப்பட்டமைக்கான காரணத்தை விளக்குக.

நெடுவினா

ஆர்வில் கிப்சனின் இழப்பும் ஜோஷ் கிப்சனின் இழப்பும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைப் பாடக்கருத்துகளைக் கொண்டு நிறுவுக.